யாரோ காலி செய்த இடத்தில்: ஜேம்ஸ் ஹாரிசனின் 15 சீசன்கள்

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து வீசும் குவார்ட்டர்பேக்குகளின் பெயர்தான் வெளியே தெரிகிறது, டிஃபென்ஸ் ஆடுபவர்களின் தொழில் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும், டிராஃப்டில் யாரும் எடுக்காத ஒருவர் அங்கே பெரிய ஆளாக முடியுமா?

முடியும். ஆனால் திறமையும் உழைப்பும் மட்டும் போதாது, இன்னொருவருக்கு அடிபட வேண்டும், அல்லது இன்னொருவர் சண்டை போட்டு வெளியேற்றப்பட வேண்டும், அல்லது இன்னொருவரின் சம்பளம் கிளப்புக்குச் சுமையாகத் தெரிய வேண்டும். கேட்க ஒரு மாதிரி இருக்கிறது, தெரியும். ஜேம்ஸ் ஹாரிசனின் கதையைப் பார்த்தால் இது புரிந்துவிடும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கிளப்பின் லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னாலோ ஓரத்திலோ நின்று பாயும் டிஃபென்ஸ் ஆள், 2008-ல் என்.எஃப்.எல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கியவர். டிராஃப்டில் எடுக்கப்படாமல் வந்து அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர்.

டிராஃப்ட் என்பது கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை 32 கிளப்புகளும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. 7 சுற்று நடக்கும், மொத்தம் 250 பேருக்கு மேல் எடுப்பார்கள். 2002-ல் அத்தனை பேரில் ஹாரிசன் பெயர் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் ஊர்க்காரர், கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், வீட்டில் 14 பிள்ளைகளில் கடைசி. கல்லூரியில் நன்றாகவே ஆடியிருந்தார், சிக்கல் உயரம். 6 அடிதான். நமக்கு அது நல்ல உயரம், அந்த வேலைக்குக் குட்டை. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவர் எதிரே நிற்கும் ஆறரை அடி ஆளைத் தாண்டிப் போக வேண்டும், அதற்கு நீளமான கை வேண்டும் என்பது தேர்வாளர்களின் கணக்கு. சரி, முன்வரிசையான லைனில் நிறுத்தலாம் என்றால் எடை போதாது, சுமார் 110 கிலோ. எந்தப் பெட்டியிலும் அடங்காத ஆளை யாரும் எடுக்கவில்லை.

டிராஃப்டுக்குப் பிறகு ஸ்டீலர்ஸ் அவரைக் குறைந்த சம்பளத்தில் சேர்த்துக்கொண்டது. பிறகு நீக்கியது. மறுபடி சேர்த்தது, மறுபடி நீக்கியது. 2002-ல் மொத்தமாக ஒரே ஒரு ஆட்டம். மீதி நேரமெல்லாம் ப்ராக்டிஸ் ஸ்குவாட், அதாவது வாரம் முழுக்க மற்றவர்களோடு பயிற்சியில் மோதிவிட்டு ஆட்டத்தன்று உடை மாற்றாமல் நிற்கும் கூட்டம். பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்து, ஜெர்மனியில் ரைன் ஃபயர் அணிக்கு அனுப்பியது. அப்போது லீக் ஐரோப்பாவில் ஒரு கிளைப் போட்டி நடத்திக்கொண்டிருந்தது, தேறாதவர்களைத் தேற்றுவதற்கான இடம் அது. அவர் திரும்பி வந்ததும் ரேவன்ஸும் கழற்றிவிட்டது. வயது 26. அந்த வயதில் இந்த ஆட்டத்தில் பலருடைய கதை முடிந்தே போயிருக்கும், அவரும் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்பு பார்க்கலாமா என்ற யோசனையில்தான் இருந்தார்.

அப்போதுதான் முதல் காலியிடம். 2004 கோடையில் ஸ்டீலர்ஸின் லைன்பேக்கர் கிளார்க் ஹேகன்ஸ் எடை தூக்கும்போது கையைக் காயப்படுத்திக்கொண்டார். பயிற்சி முகாமில் ஓர் ஆள் குறைந்தது. ஹாரிசனுக்கு ஏற்கெனவே அங்கே ஆடும் முறை தெரியும், உடனே வரக்கூடியவர், காசும் அதிகம் கேட்க மாட்டார். கூப்பிட்டார்கள். அந்த பார்பெல் சரியாகப் பிடிக்கப்பட்டிருந்தால் இந்தப் பதிலை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இரண்டாவது காலியிடம் அதே ஆண்டு நவம்பர் 14, கிளீவ்லாண்டில். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, வார்ம்-அப் நேரத்தில், ஸ்டீலர்ஸின் நட்சத்திர லைன்பேக்கர் ஜோயி போர்ட்டரும் உள்ளூர் அணியான பிரவுன்ஸின் வில்லியம் கிரீனும் கைகலப்பில் இறங்கினார்கள். நடுவர்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு பந்துகூட ஆடாத நேரத்தில் ஆள் போய்விட்டார், போர்ட்டர் இடத்தில் ஹாரிசன் இறங்கினார். வாழ்க்கையின் முதல் ஸ்டார்ட், அதாவது ஆரம்பம் முதலே ஆடும் வாய்ப்பு, அப்படித்தான் கிடைத்தது. அதில் ஒரு சாக்கும் எடுத்தார். சாக் என்றால் குவார்ட்டர்பேக் கையில் பந்து இருக்கும்போதே, அவர் வீசுவதற்குள், பந்து தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே அவரை வீழ்த்துவது. இந்தத் தொழிலில் சம்பளம் பேசும்போது மேசை மேல் வைக்கப்படும் முதல் எண் அதுதான்.

ஆனாலும் அடுத்த இரண்டு ஆண்டுகள் மாற்று ஆளாகவே ஓடின. 2005 சீசனின் முடிவில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஸ்டீலர்ஸ் வென்றது, வென்றவர்களுக்கான மோதிரம் ஹாரிசனுக்கும் கிடைத்தது. அந்தக் காலத்தில் அவரை ஊருக்குத் தெரிந்த காரணம் வேறு. 2005 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மறுபடி கிளீவ்லாண்டில், ஒரு ரசிகர் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார். ஹாரிசன் அவரை அப்படியே தூக்கித் தரையில் அடித்து, காவலர்கள் வரும்வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்டீலர்ஸ் 41-0 என்று ஜெயித்த ஆட்டம் அது, ஆனால் அன்று ஊரெல்லாம் பேசியது இந்தக் காட்சியைத்தான்.

2007 மார்ச்சில் போர்ட்டரை ஸ்டீலர்ஸ் விடுவித்தது. வயதும் சம்பளமும் ஏறிவிட்டன, புதிதாக மைக் டாம்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்திருந்தார். வலது வெளி லைன்பேக்கர் இடம் ஹாரிசனுக்கு வந்தது. வயது 29. குவார்ட்டர்பேக் மேல் பாயும் பாஸ் ரஷ்ஷர்கள் பெரும்பாலானவர்களுக்குப் பாதி வாழ்க்கை முடிந்திருக்கும் வயதில் இவருக்கு முதல் முழுநேர சீசன். நவம்பர் 5, திங்கள் இரவு ஆட்டம், எதிரணி அவரைக் கழற்றிவிட்ட அதே ரேவன்ஸ். 3.5 சாக், 3 முறை எதிராளி கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு ஃபம்பிள், எதிரணி வீசிய பந்தைப் பறித்து ஓர் இன்டர்செப்ஷன். ஒரே இரவில். சிலருக்கு ஒரு சீசனே இந்தக் கணக்கோடு முடியும்.

இப்போது கொஞ்சம் நுட்பம், இல்லாவிட்டால் அவர் ஏன் அவ்வளவு பெரிய தலைவலி என்று புரியாது. வலது பக்கத்தில் நிற்பவருக்கு எதிரே வருபவர் எதிரணியின் இடது டேக்கிள். வலது கையால் வீசும் குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப் பக்கம் அது என்பதால், அணியின் சிறந்த காவல்காரரை அங்கேதான் நிறுத்துவார்கள். ஆறரை அடி உயரம், 140 கிலோ. இரண்டு உடம்புகள் மோதும்போது யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர் கைதான் ஓங்கும், மேலே நிமிர்ந்தவர் பின்னால் சாய்வார். ஹாரிசன் இயல்பாகவே குட்டை, அதிலும் குனிந்து பாய்வார், டேக்கிள் அவருக்குச் சமமாக இறங்கி வர முழங்காலை மடக்கி மடக்கிக் களைத்துப்போவார். நேராக நெஞ்சில் இடித்துத் தள்ளிக்கொண்டே போவது ஒரு வழி. வெளிப்பக்கமாகச் சுற்றும்போது உடம்பைத் தரையை ஒட்டச் சாய்த்து எதிராளியின் கைக்கு அடியிலேயே நுழைவது இன்னொரு வழி. அந்தச் சாய்வில் அவரைப் பிடிக்க வேண்டுமானால் கழுத்தில் கை போட வேண்டும், அது ஹோல்டிங், தண்டனைக்குரிய குற்றம். டிவியில் பார்த்தால் பாதி ஆட்டத்தில் யாராவது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், நடுவர் விசில் ஊதுவது மட்டும் எப்போதாவதுதான். டிராஃப்டில் குறையாகச் சொன்ன அதே உயரம்தான் இந்த வேலையைச் செய்தது, தேர்வாளர்கள் அதை எங்காவது எழுதி வைத்திருப்பார்கள் என்று நம்புவோம்.

இதோடு டிக் லெபோவின் திட்டம் சேர்ந்தது. ஸ்டீலர்ஸின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் அவர். பாய்வார் என்று எதிர்பார்க்கும் ஆள் பின்வாங்கி, வீசப்படும் பந்தான பாஸைத் தடுப்பார், எதிர்பார்க்காத ஆள் எங்கிருந்தோ பாய்வார், இதுதான் சாராம்சம். குவார்ட்டர்பேக்குக்கு யோசிக்கக் கிடைப்பது சுமார் இரண்டரை, மூன்று விநாடி. அதில் ஓர் அரை விநாடியைக் குழப்பத்தில் திருடிவிட்டால் போதும். ஆனால் இந்த முறையில் ஒவ்வொருவரும் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வேண்டும், இளைஞராக இருந்தபோது ஹாரிசன் தடுமாறியதே இதில்தான். பிறகு பிடிபட்டது.

2008-ல் 16 சாக், 7 ஃபம்பிள். அந்த 16 கிளப்பின் அன்றைய சாதனை. விருதும் வந்தது. ஆனால் அந்த சீசனில் எனக்குப் பிடித்த சம்பவம் ஒரு சொதப்பல். அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸுடன் ஆட்டம், பண்ட் உதைப்பவருக்கு (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுப்பது பண்ட்) பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பர் கிரெக் வாரனுக்கு முழங்கால் போய்விட்டது. அந்த வேலைக்கு எந்த அணியிலும் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார். நான் செய்கிறேன் என்று ஹாரிசன் முன்வந்தார். எறிந்த பந்து உதைப்பவரின் தலைக்கு மேலே பறந்து, மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனையே தாண்டிப் போனது. சேஃப்டி, எதிரணிக்கு 2 புள்ளி, ஸ்கோர் சமமானது, கடைசியில் 21-14 என்று தோல்வி. லீக்கிலேயே மிகவும் பயப்பட வைத்த மனிதர், பார்க்க எளிதாகத் தெரியும் ஒரு வேலையில் சறுக்கினார். ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு தனிப் பயிற்சி தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காலியிடம் எல்லா நேரமும் அவருக்கு ராசியாக இருந்துவிடவில்லை.

அப்புறம் அந்த ஓட்டம். 2009 பிப்ரவரி 1, டாம்பா, 43-வது சூப்பர் பவுல், எதிரே அரிசோனா கார்டினல்ஸ். ஸ்டீலர்ஸ் 10-7 என்று முன்னிலை, முதல் பாதியில் மீதி 18 விநாடி, கார்டினல்ஸ் கையில் பந்து, எண்ட் ஸோன் கோட்டுக்கு 1 கெஜம் தூரம். பந்தை எண்ட் ஸோனுக்குள் சேர்த்து டச்டவுன் போட்டால் இடைவேளைக்கு அவர்கள் முன்னிலையில் போவார்கள். லெபோ கொடுத்த உத்தரவு முழு பிளிட்ஸ், அதாவது கூட்டமாகக் குவார்ட்டர்பேக் மேல் பாய்வது, ஹாரிசனும் பாய வேண்டும். குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் வேகமாக உள்பக்கம் வீசிவிடுவார், தான் போய்ச் சேரவே முடியாது என்று ஹாரிசன் கணித்தார். பாய்வது போல ஓர் அடி முன்னால் வைத்தார், பிறகு நின்று பக்கவாட்டில் நகர்ந்தார். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் அன்குவான் போல்டினுக்காக வந்த பந்து நேரே இவர் கைக்கு வந்தது.

சொன்னதைச் செய்யாமல் சொந்தமாக முடிவெடுத்திருக்கிறார், தப்பாகப் போயிருந்தால் அந்தக் குற்றம் முழுவதும் அவர் தலையில்தான். கோட்டருகே பிடித்தவர் வலது ஓரமாக ஓட ஆரம்பித்தார். இந்த ஆள் ஓடுவதற்குப் பழகியவர் இல்லை. சக ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் சட்டென்று திரும்பி முன்னால் தடுப்பு போட்டுக்கொண்டே ஓடினார்கள், அந்தக் காட்சியை மறுபடி பார்த்தால் அவர்களைத்தான் பாருங்கள், ஒவ்வொருவரும் எங்காவது ஒரு கார்டினல்ஸ்காரரைச் சாய்த்திருப்பார்கள். கார்டினல்ஸின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் கோட்டுக்கு வெளியே ஓடித் துரத்தியபோது அங்கே நின்றிருந்த தன் அணிக்காரர் மேலேயே மோதித் தாமதமானார். இருந்தும் எண்ட் ஸோன் வாசலில் எட்டிப் பிடித்துவிட்டார், ஸ்டீவ் பிரீஸ்டனும் சேர்ந்துகொண்டார், மூவரும் உருண்டு விழுந்தார்கள். 100 கெஜம். கடிகாரம் பூஜ்யம். உள்ளே விழுந்தாரா என்று ரீப்ளே பார்த்துத்தான் உறுதிசெய்தார்கள், ஹாரிசன் மல்லாக்கப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். 14-10 என்று பின்தங்கியிருக்க வேண்டிய அணி 17-7 என்று இடைவேளைக்குப் போனது. ஆட்டம் முடிந்தது 27-23. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சூப்பர் பவுலில் அதைவிட நீளமான இன்டர்செப்ஷன் ஓட்டம் இதுவரை இல்லை.

இனி கசப்பான பகுதிகள். 2008 மார்ச்சில் குடும்ப வன்முறைப் புகாரில் அவர் கைது செய்யப்பட்டார், கவுன்சிலிங் முடித்த பிறகு வழக்கு கைவிடப்பட்டது. அதே மாதம் அதே மாதிரிப் புகாரில் சிக்கிய செட்ரிக் வில்சன் என்ற ரிசீவரை ஸ்டீலர்ஸ் உடனே நீக்கியது, ஹாரிசனை வைத்துக்கொண்டது. இரண்டும் வேறு வேறு சூழல் என்று கிளப் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்த விளக்கம் எப்போதும் ஒட்டியதில்லை. ஆட்டத்தில் யார் எவ்வளவு தேவை என்பதுதான் அளவுகோலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

2010-ல் அபராதங்கள் தொடங்கின. அக்டோபர் 17-ம் தேதி பிரவுன்ஸுடன் ஆட்டத்தில் ஜோஷ்வா கிரிப்ஸ், முகமது மசாகுவா இருவரும் அவரிடம் அடி வாங்கி வெளியேறினார்கள். மசாகுவாவை இடித்ததற்கு 75,000 டாலர் அபராதம், பிறகு குறைத்தார்கள். மூளை அதிர்ச்சி பற்றி லீக் அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது, தலைக்கு வரும் அடியை ஒடுக்க ஓர் உதாரணம் தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் அபராதம் போட்ட அதே நேரத்தில் அந்த இடியின் புகைப்படம் லீக்கின் இணையக் கடையில் விற்பனைக்கு இருந்தது, யாரோ சுட்டிக்காட்டிய பிறகு எடுத்தார்கள். ஹாரிசன் ஓய்வு பெறப்போகிறேன் என்றார், ஒரு நாள் வீட்டுக்குப் போனார், திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகைப் பேட்டியில் கமிஷனர் ராஜர் குடெல்லைக் கண்டபடி ஏசினார், அது தேவையில்லாத வேலை.

2011 டிசம்பர் 8, பிரவுன்ஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காயின் முகக்கவசத்தில் ஹெல்மெட்டால் இடித்தார். ஓர் ஆட்டம் தடை. மெக்காய்க்கு மூளை அதிர்ச்சி, ஆனால் ஓரத்தில் அதற்கான பரிசோதனை எதுவும் செய்யாமல் இரண்டே பந்துக்குப் பிறகு அவரை மறுபடி இறக்கிவிட்டார்கள். அந்த அவலத்துக்குப் பிறகுதான் மேலேயிருந்து ஆட்டத்தைக் கவனித்து, அடிபட்டவரைக் கண்டுபிடிக்கும் சுயேச்சையான பயிற்சி மருத்துவ ஆட்களை லீக் ஸ்டேடியங்களில் அமர்த்தியது. ஹாரிசனை வில்லனாகப் பார்க்கிறவர்களும் பலிகடாவாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். என் கருத்து: விதி மாறியது உண்மை, ஆனால் மற்ற லைன்பேக்கர்கள் மாற்றிக்கொண்டார்கள், இவர் மறுத்தார்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், தொழில் என்று கேட்டீர்கள் இல்லையா. 2009-ல் அவருக்கு 6 ஆண்டு, சுமார் 5 கோடி டாலர் ஒப்பந்தம் என்று தலைப்புச் செய்தி வந்தது. இந்த லீக்கில் ஒப்பந்தத்தின் முழுத்தொகை என்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். உத்தரவாதம் என்று எழுதிய பகுதி மட்டும் நிச்சயம், மீதியை ஒவ்வோர் ஆண்டும் கிளப் வேண்டுமென்றால் தரும், இல்லாவிட்டால் ஆளை நீக்கிவிடும். முதுகில் அறுவை சிகிச்சை, கண்குழி எலும்பு முறிவு, முழங்கால் அறுவை சிகிச்சை என்று இரண்டு ஆண்டுகள் போனதும், 2013-ல் சம்பளத்தைக் குறைத்துக்கொள் என்றார்கள். ஒத்துவரவில்லை. நீக்கினார்கள். ஒரு சீசன் சின்சினாட்டி பெங்கால்ஸ், அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை, 2014 செப்டம்பர் தொடக்கத்தில் ஓய்வு அறிவித்தார்.

மூன்றே வாரம். ஸ்டீலர்ஸின் இளம் லைன்பேக்கர் ஜார்விஸ் ஜோன்ஸுக்கு மணிக்கட்டில் அடி. செப்டம்பர் 23, மறுபடி ஹாரிசனுக்கு போன். 36 வயதில் வந்தவர் அடுத்த மூன்று சீசனும் ஐந்து, ஐந்தரை என்று சாக் எடுத்துக்கொண்டிருந்தார், 2016-ல் ஜேசன் கில்டனின் 77 சாக் என்ற கிளப் சாதனையையும் தாண்டினார். உடம்பை அவர் பார்த்துக்கொண்ட விதம் தனிக் கதை: விடியற்காலை ஜிம், மசாஜ், ஊசி வைத்தியம், கனமான மெடிசின் பாலை வைத்து வாலிபால்.

2017 ஜனவரியில் கான்சஸ் சிட்டியில் ப்ளேஆஃப், அதாவது நாக்அவுட் ஆட்டம். ஸ்டீலர்ஸ் ஒரு டச்டவுன்கூடப் போடாமல் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோல் 6 போட்டு 18 புள்ளி வைத்திருந்தது. உள்ளூர் அணியான சீஃப்ஸ் டச்டவுன் போட்டு 18-16 ஆக்கி, அதன்பின் கிடைக்கும் 2 புள்ளி முயற்சியிலும் ஜெயித்துச் சமன் செய்தது. ஆனால் விதிமீறல் என்று நடுவரின் கொடி விழுந்தது. இடது டேக்கிள் எரிக் ஃபிஷர், தரையை ஒட்டிச் சாய்ந்து வந்த 38 வயதுக்காரரைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ஹோல்டிங். பத்து கெஜம் பின்னால் தள்ளி அந்த முயற்சியை சீஃப்ஸ் மறுபடி ஆடியது, தோற்றது. ஸ்கோர் ஏட்டில் ஹாரிசனுக்கு அதற்கு ஒரு புள்ளிகூட எழுத மாட்டார்கள், ஆனால் அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர் அவர்.

அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் ஸ்டீலர்ஸ் டி.ஜே. வாட்டை எடுத்தது. இப்போது இடம் தர வேண்டியவர் ஹாரிசன். 2017 சீசனில் 5 ஆட்டம், அதிலும் சில பந்துகள்தான். டிசம்பர் 23-ல் நீக்கினார்கள், மூன்று நாளில் பரம எதிரியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் சேர்ந்தார். தான் உட்கார்ந்தே இருக்க விரும்பாமல் நீக்கச் சொல்லிக் கேட்டதாக அவரே சொன்னார். ஸ்டீலர்ஸ் சகாக்களுக்குக் கோபம், மீட்டிங்கில் தூங்கினார், சின்னவர்களுக்குக் கற்றுத்தரவில்லை என்றெல்லாம் வெளியே பேசினார்கள். இருக்கலாம். ஆனால் தன்னை எத்தனையோ முறை நீக்கிய ஒரு கிளப்பிடம் விசுவாசம் காட்டவில்லை என்று அவரைக் குறை சொல்வது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பேட்ரியட்ஸுக்கு முதல் ஆட்டத்திலேயே 2 சாக், பிப்ரவரியில் 39 வயதில் இன்னொரு சூப்பர் பவுல், ஈகிள்ஸிடம் 41-33 தோல்வி, ஏப்ரலில் ஓய்வு, இந்த முறை நிஜமாகவே.

மொத்தம் 84.5 சாக். ஓய்வு பெற்ற பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2023-ல் தகுதி வந்தது, முதல் முறையில் எடுக்கவில்லை. 100 சாக்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்கும்போது இந்த எண் சின்னதாகத் தெரியும், வாக்களிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 29 வயதில்தான் அவருக்கு இடமே கிடைத்தது. 24-லேயே கிடைத்திருந்தால் 84.5 எங்கே போய் நின்றிருக்கும் என்று ஸ்டீலர்ஸ் ரசிகர்களைக் கேட்காதீர்கள், இரவு முழுக்கப் பேசுவார்கள். என்னைக் கேட்டால் 2007 முதல் 2010 வரையிலான அந்த நான்கு சீசனுக்காக மட்டுமே நான் ஓட்டுப் போடுவேன்.